வெலிக்கடையில் முடிந்த வாழ்வு

ஹென்றி பேதிரிஸ் என்ற பெயர் எனக்கு முதலில் ஒரு மனிதருடைய பெயராக அறிமுகமாகவில்லை. அது ஒரு மைதானத்தின் பெயர். தம்பியின் பாடசாலைக்கு அங்கே ரக்பிப் போட்டி இருந்தால் வாப்பாவும் அவனும் புறப்பட்டுவிடுவார்கள். களுபோவிலயிலிருந்து பாமன்கடைப் பாலம் தாண்டி ஹெவ்லொக் வீதியில் ஏறினால் அதிக தூரமில்லை. போட்டி முடிந்து தம்பி முழங்காலில் புண்ணோடு வந்து நிற்பான். பேதிரிஸில் விழுந்தேன் என்பான். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

பிறகு சாதாரண தரத்து வரலாற்றுப் புத்தகத்தில் அதே பெயரைக் கண்டேன். 1915 இல் ஆங்கிலேயர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அவர் தேசிய வீரர்களில் ஒருவர் என்ற அளவில் சில வரிகள். அந்த வரிகளைப் படித்த அன்று எனக்குள் ஓர் இடறல் ஏற்பட்டது. ஏனென்றால் 1915 என்றால் எங்கள் வீட்டில் வேறொரு கதை.

உம்மும்மாவின் அப்பாவுக்கு, அதாவது அவருடைய வாப்பாவின் வாப்பாவுக்கு, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை இருந்தது. அந்த வருடக் கலவரத்தில் அது சூறையாடப்பட்டது. உம்மும்மாவின் வாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. கடைசிக் காலம் வரைக்கும் அவர் சொன்னது ஒரே ஒரு காட்சியைத்தானாம்: கானுக்குள் நீளமாக விரிந்து கிடந்த புதுத் துணி, அதன்மேல் மனிதர்கள் ஓடிய அடையாளம். கடை திரும்ப எழும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் வியாபாரம் அதோடு முடிந்து, எல்லோரும் உத்தியோகம் தேடிப் போனார்கள். ஆகவே 1915 இல் முஸ்லிம்களைச் சுட்டார் என்று தண்டிக்கப்பட்ட ஒருவரை வீரர் என்று பரீட்சையில் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வினா வரவில்லை என்பது வேறு விடயம். ஆனால் அவர் யார் என்று தேடிப் பார்க்கும் ஆசை அன்றிலிருந்து இருந்தது. உயர்தரத்தில் வரலாற்றை ஒரு பாடமாக எடுத்த பிறகுதான் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது.

துனுகே எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் 1888 ஆகஸ்ட் 16 ஆம் திகதி காலியில் பிறந்தார். தந்தை டி. டி. பேதிரிஸ் அக்காலத்து இலங்கையின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர், வணிகர். வீட்டில் சகோதரிகள் இருந்தார்கள். ஆண் பிள்ளை அவர் ஒருவர்தான். இப்படிப்பட்ட வீட்டில் ஒற்றை மகனாகப் பிறந்தவனுக்கு எவ்வளவு செல்லம் கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொழும்பு றோயல் கல்லூரியில் படித்தார். படிப்பைவிட விளையாட்டில்தான் அவருக்கு நாட்டம். கிரிக்கெட் ஆடினார். குதிரையேற்றத்திலும் குறி பார்த்துச் சுடுவதிலும் திறமையானவர் என்று பெயர் வாங்கினார். தந்தையின் தொழிலைக் கவனித்துக்கொண்டு வசதியாக வாழ்ந்து வயது போய் இறந்திருக்க வேண்டியவர். அப்படி இருந்திருந்தால் அவரைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், நானும்தான்.

1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கியது. போர் ஐரோப்பாவில் நடந்தாலும் கொழும்புக்கும் அதன் பயம் வந்தது. ஜெர்மனியரின் எம்டன் கப்பல் வங்காள விரிகுடாவில் திரிந்து, செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு சென்னை மீது குண்டு வீசியது. நவம்பர் 9 ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளருகே அது அழிக்கப்படும்வரை நமது துறைமுகத்துக்கும் நிம்மதி இருக்கவில்லை. தந்திரக்காரனை எம்டன் என்று வாப்பா இன்றைக்கும் சொல்வார். அந்தச் சொல் அந்தக் கப்பலிலிருந்து வந்ததென்று இதை எழுதும்போதுதான் அவருக்கும் தெரிந்தது.

இருந்த படையினரைப் போர்முனைக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் நகரத்தைக் காக்க ஆள் தேவைப்பட்டது. அதற்காகக் கொழும்பு நகரக் காவற்படை என்ற தொண்டர் படை அமைக்கப்பட்டது. பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் சேர்ந்த அந்தப் படையில் முதலாவதாகச் சேர்ந்த இலங்கையர்களில் ஹென்றி பேதிரிஸும் ஒருவர். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தும் சாதாரண சிப்பாயாகத்தான் சேர்ந்தார். குதிரையும் துப்பாக்கியும் ஏற்கெனவே கைவந்த கலைகள். ஒரு வருடம் ஆவதற்குள் கப்டன் பதவி கிடைத்தது. ஆங்கிலேய மன்னருக்காகத் தன் விருப்பத்தோடு துப்பாக்கி ஏந்திய இளைஞர் அவர். பின்னாளில் அவரைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் விழுங்கிவிட்டுப் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் ஆங்கிலேயரை எதிர்த்துப் புறப்பட்டவர் அல்லர். அவர்களை நம்பிச் சீருடை அணிந்தவர். அவருடைய முடிவு அதனால்தான் இன்னும் கொடுமையாகப் படுகிறது.

இளம் சிங்களவர் ஒருவர் இத்தனை வேகமாக உயர்ந்ததும், தகப்பனின் செல்வமும் சிலருடைய கண்ணை உறுத்தின என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். பொறாமை மட்டும் ஒருவரைக் கொல்லப் போதாது; அதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும். அது கம்பளையிலிருந்து வந்தது.

கம்பளையில் வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா, நிறுத்த வேண்டுமா என்பதில் 1912 இல் பிணக்கு ஏற்பட்டது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தேவாலயத்துக்குச் சாதகமாகவும், பிறகு 1915 இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தில் பாதகமாகவும் முடிந்தது. இது மேலே தெரிந்த காரணம். கீழே வேறு காரணங்களும் இருந்தன. போர்க்காலத்தில் சாமான்களின் விலை ஏறியது. ஊர் ஊராகக் கடை போட்டிருந்த கரையோரச் சோனகரிடம் கடன் பட்டிருந்தவர்களின் மனத்தில் கசப்பு இருந்தது. 1915 மே 28 வெசாக் இரவு. கண்டியில் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலத்துக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் மூண்ட தகராறு, ரயில் ஓடிய வேகத்தில் கீழ்நாட்டுக்கும் பரவியது.

கணக்கு அரசாங்கத்துடையது: முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள், 4,075 கடைகள் சூறையாடப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. அந்த 4,075 இல் ஒன்று எங்களுடையது என்பதை நினைக்காமல் என்னால் அந்த எண்ணை எழுத முடியவில்லை. உம்மும்மாவிடம் அந்த எண்ணைச் சொன்னேன். ஒரு கடை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேனே என்று மட்டும் சொன்னார்.

மே மாத முடிவில் கலவரம் கொழும்பை எட்டியது. நகரத்தைக் காக்கும் பொறுப்பு ஹென்றியின் படைக்கும் இருந்தது. அவர் குதிரையில் சென்று, கூடி நின்ற கூட்டங்களின் முன்னே நிற்பவர்களோடு பேசிப் பேசியே சிலவற்றைக் கலைத்தார் என்பது அவர் பக்கத்தார் சொல்வது. கூட்டம் பெரும்பாலும் சிங்களவர், பேசியவரும் சிங்களவர். சுடாமல் பேசியதே மேலதிகாரிகளில் சிலருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மறுபக்கத்துக் கதை இதற்கு நேர் எதிரானது: அவர் முஸ்லிம்கள்மீது சுட்டார், மக்களைத் தூண்டிவிட்டார். இரண்டு கதைகளிலும் ஒரே மனிதர், ஒரே தெரு, ஒரே துப்பாக்கி. எது உண்மை என்று கண்டறியத்தான் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. உண்மையில் அதற்குள் கலவரம் பெரும்பாலும் அடங்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஓகஸ்ட் முடியும்வரை நீடித்தது. தேசாதிபதியாக இருந்தவர் சேர் றொபட் சால்மர்ஸ். படைத் தளபதி மல்கம், பொலிஸ் மா அதிபர் டவ்பிகின். இது வெறும் கடையுடைப்பல்ல, போர் நேரத்தில் ஜெர்மனியின் உதவியோடு மன்னருக்கு எதிராகத் திட்டமிட்ட சதி என்று அவர்கள் நம்பினார்கள், அல்லது நம்ப விரும்பினார்கள். மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்ற சிங்களத் தலைவர்கள் பலரை அள்ளிக்கொண்டு போய் வெலிக்கடையில் அடைத்தார்கள். எப்.ஆர். சேனநாயக்கவும் அவருடைய தம்பி டி.எஸ். சேனநாயக்கவும் அவர்களில் இருவர். கிராமங்களில் விசாரணையே இல்லாமல் சுடப்பட்டவர்களும் இருந்தார்கள்.

சால்மர்ஸைப் பற்றிப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். அவர் பாளி மொழி அறிஞர். புத்தரின் போதனைகள் அடங்கிய மஜ்ஜிம நிகாயத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் ஐரோப்பியப் போர்முனையில், அதே 1915 மே மாதத்தில், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கண்டியில் முதற் கல் விழும்போது அந்தத் தகப்பனுக்கு அழுது முடிந்திருக்காது. இதை அவருக்கு மன்னிப்பாகச் சொல்லவில்லை. மகனை இழப்பது என்றால் என்ன என்பதை அந்த மாதத்தில் இந்தத் தீவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது. அறிந்திருந்தும் அவருடைய ஆட்சியில்தான் டி.டி. பேதிரிஸின் மகன் கொல்லப்பட்டார்.

ஹென்றி கைது செய்யப்பட்டு இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். இராஜத்துரோகம், கடையுடைப்பு, கொலை முயற்சி முதலான குற்றச்சாட்டுகள். சாதாரண காலமாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் வழக்கு நடக்கும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய நேரம் இருக்கும், தீர்ப்பின் பின்னும் முறையிட ஒரு கதவு இருக்கும். இங்கே தீர்ப்புச் சொன்னவர்கள் இராணுவ அதிகாரிகள். விசாரணை விரைவாக முடிந்தது. மேன்முறையீடு இல்லை. பதவி பறிக்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தகப்பனின் பணம், குடும்பத்தின் செல்வாக்கு, கருணை காட்டும்படி செய்த விண்ணப்பங்கள் ஒன்றுமே பலிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் எவ்வளவோ யோசித்தேன். கொலை முயற்சி என்பதே நிரூபிக்கப்பட்டிருந்தாலும் சாதாரணச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை இல்லை. அவரைக் கொன்றது இராஜத்துரோகம் என்ற சொல். முஸ்லிம்களைச் சுட்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பழி. ஆனால் உயிரை எடுத்தது மன்னருக்குத் துரோகம் செய்தார் என்ற குற்றம். ஆக, எங்கள் ஆட்களின் பெயரில் அந்தத் தண்டனை கொடுக்கப்பட்டதாகத் தோன்றினாலும் எங்கள் ஆட்களுக்காக அது கொடுக்கப்படவில்லை. புறக்கோட்டையில் கடையை இழந்து நின்ற ஒரு சோனகரிடம் போய் இவரைச் சுடவா என்று யாரும் கேட்கவில்லை.

1915 ஜூலை 7 ஆம் திகதி, வெலிக்கடைச் சிறையில், அவரை ஒரு நாற்காலியில் அமர்த்தினார்கள். துப்பாக்கி ஏந்தி எதிரே நின்றவர்கள் பஞ்சாபிப் படையினர். இந்தியாவின் ஏதோ கோதுமை வயல் கிராமங்களிலிருந்து மாதச் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்த இளைஞர்கள். எதிரே இருப்பவர் யாரென்றோ, எதற்காகவென்றோ அவர்களுக்கு என்ன தெரியும்? சேர்ந்து சில மாதங்களே ஆன இன்னொரு சிப்பாயைச் சுடும்படி கட்டளை வந்தது, சுட்டார்கள். ஒரே மன்னரின் சீருடை அணிந்தவர்கள்தான் இரு பக்கமும்.

இரத்தம் தோய்ந்த அந்த நாற்காலி, சிறையிலிருந்த தலைவர்களின் அறைகளுக்குக் கொண்டு போய்க் காட்டப்பட்டதாகச் சொல்வார்கள். அடுத்தது நீங்கள் என்று சொல்லாமல் சொல்லும் முறை. உடல் ஊரறிய அடக்கம் செய்யப்படவில்லை. அடக்கிய இடத்தில் அடையாளமும் வைக்க விடவில்லை.

அவருக்கு வயது 26. இன்னும் சரியாக நாற்பது நாள் உயிரோடு இருந்திருந்தால் 27 ஆவது பிறந்தநாள் வந்திருக்கும். நாங்கள் மையித்து வீட்டில் நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவோம். அந்தத் தாய்க்கு மகனின் நாற்பதாம் நாளும் மகன் பிறந்த நாளும் ஒரே நாளாக விடிந்திருக்கும். இதைக் கணக்குப் பார்த்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். அவர் சுடப்பட்டு ஒரு கிழமையளவில் ஹிஜ்ரி 1333 ஆம் ஆண்டின் ரமழான் பிறந்திருக்கிறது. எரிந்த பள்ளிவாசல்களின் கரி கழுவப்படாமலே அந்த வருட நோன்பைப் பிடித்திருப்பார்கள். இரண்டு துக்கங்கள் ஒரே ஊரில், ஒரே மாதத்தில். ஒன்றின் அழுகை மற்றதற்குக் கேட்டிருக்காது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எடுத்துப் பேசி, இங்கிலாந்துக்கும் சென்று வாதாடினார். ஈ.டபிள்யூ. பெரேரா ஓர் இரகசிய ஆவணத்தைச் சப்பாத்தின் அடிக்குள் மறைத்து லண்டனுக்குக் கொண்டு சென்ற கதை எல்லோருக்கும் தெரியும். சால்மர்ஸ் அந்த ஆண்டு முடிவிலேயே திருப்பி அழைக்கப்பட்டார். இராமநாதன் நாடு திரும்பியபோது அவர் ஏறிய வண்டியைக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே இழுத்தார்கள். அதே இராமநாதன்மீது அன்றைய முஸ்லிம்கள் பலருக்கு நீண்ட காலம் மனத்தாங்கல் இருந்தது. சுட்டவர்களுக்கு எதிராகப் பேசினாரே, எரிந்தவர்களுக்காக அவ்வளவு பேசவில்லையே என்பது அவர்களின் வருத்தம். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வெலிக்கடையில் இருந்து உயிரோடு வெளியே வந்த டி.எஸ். சேனநாயக்க பிற்காலத்தில் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார்.

தகப்பன் என்ன செய்தார் என்பதுதான் என்னை அதிகம் தொட்டது. வாரிசாக இருந்த ஒரே மகன் போன பின், அவன் நினைவாகத் திம்பிரிகஸ்யாயவில் இசிபதனாராமய என்ற விகாரையைக் கட்டினார். இன்று அந்த வீதிக்கே இசிபதன மாவத்தை என்று பெயர். நான் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். பிள்ளையின் பெயரில் தகப்பன் செய்த ஸதகத்துல் ஜாரியா போன்ற ஒன்று அது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது வீட்டில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சஞ்சிகைக்கு எழுத எத்தனையோ பேர் இருக்கும்போது இவர் எதற்கு என்று உம்மா கேட்டார். 2014 இல் அளுத்கமவும் 2018 இல் திகனையும் எரிந்ததைப் பார்த்தவர் அவர். ஒவ்வொரு தடவையும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தவர். அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லும்போது குரல் பலமாக வரவில்லை. அவர் சுட்டிருந்தால் அதை ஒழுங்காக விசாரித்து நிரூபித்திருக்க வேண்டும். சுடாமல் இருந்திருந்தால் அவர் குற்றமற்ற ஒரு பிள்ளை. இரண்டில் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாதபடி செய்தது அந்த அவசரம். கடையை இழந்த எங்கள் குடும்பத்துக்கும் அது ஒரு நட்டம்தான். எங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் நாடு முழுவதும் அவருக்கு நடந்த அநியாயத்தைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிட்டது.

உம்மா அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் இரவில் எழுதிக்கொண்டிருந்தபோது தேநீர் கொண்டு வந்து வைத்தார்.

போன கிழமை உம்மும்மாவைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஹெவ்லொக் வீதியால் பஸ் போனது. திம்பிரிகஸ்யாய வந்ததும், விகாரை இருக்கும் பக்கத்தைக் காட்டி, மகனை நினைத்து ஒரு தகப்பன் கட்டியது என்றேன். எந்த மகன் என்று கேட்டார். சொன்னேன். கலவரத்து வருடத்திலா என்று கேட்டார். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். தும்முல்லை வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கொண்டக்டரிடம் மிச்சக் காசை வாங்கினாயா என்று கேட்டார்.